சாக்கில் கட்டுவதற்கு முன்



கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள், வளவில் காவலுக்கு நாய் வைத்திருப்பவர்கள், சின்னப் பிள்ளைகளை மணலில் விளையாட விடுபவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

இந்தத் தவணையில் என்னுடைய தரம் 3 வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே மாதிரியான படை வந்தது. ஒரு மகளுக்குக் கழுத்தில். ஒரு மகனுக்கு முழங்கைக்கு மேல். இன்னொரு மகனுக்குத் தலையில் ஒரு குற்றிக் காசளவு முடி கொட்டியிருந்தது. விசாரித்துப் பார்த்தால் மூன்று வீட்டிலும் புதிதாக வந்த பூனைக்குட்டி. இரண்டு வீட்டில் பாமசியில் கேட்டு வாங்கிய கிறீமைப் பூசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வீட்டில் குட்டியைச் சாக்கில் கட்டி மீன் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். "பூனையக் கொண்டு விட்டாச்சி டீச்சர், இனிச் சுகமாகிடும்" என்றார் அந்த உம்மா. சுகமாகவில்லை. இரண்டு வாரத்தில் தங்கச்சிக்கும் வந்தது. பிள்ளைக்குப் படையும் மிச்சம், பூனை போன கவலையும் மிச்சம்.

நம்மட ஊரில் பூனை வந்து போகாத வீடு குறைவு. மீன் வெட்டும்போது இரண்டு, குசினி வாசலில் ஒன்று, தொழுகைப் பாயின் ஓரத்தில் ஒன்று. பூனை நம்மைச் சுற்றி வரும் பிராணி, அது வாய் வைத்த தண்ணீர் அசுத்தமாகாது என்று மார்க்கமே அதற்கு வீட்டுக்குள் இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வருத்தம் வந்தால் நமக்குத் தெரிந்த வைத்தியம் இரண்டுதான். ஒன்று, கைக்குக் கிடைத்ததைப் பூசுவது. மற்றது, சாக்கு. இந்த இரண்டுக்கும் முன்னால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கல்வியியற் கல்லூரியை முடித்து முதல் நியமனம் கிடைத்த வருடத்திலிருந்து என் வீட்டில் பூனை இல்லாத நாள் இல்லை. எங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தின் வாங்கில் பூனைக்கூடையோடு பலமுறை காத்திருந்திருக்கிறேன். அங்கே கேட்டதையும் வாசித்து அறிந்ததையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் படை. நாம் படர்தாமரை என்று சொல்வது. அது புழுவும் அல்ல, அழுக்கால் வருவதும் அல்ல. மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பங்கசு. பூனைக்குட்டியின் முகம், காது, முன்னங்கால் போன்ற இடங்களில் வட்டமாக முடி கொட்டி, சாம்பல் தூவியது போலச் செதில் இருந்தால் சந்தேகப்படுங்கள். சில பூனைகளில் வெளியே எந்த அடையாளமும் தெரியாது, ஆனாலும் மற்றவர்களுக்குத் தொற்றும். இந்தப் பங்கசின் வித்திகள் உதிர்ந்த முடியோடு சேர்ந்து பாயிலும் தலகணியிலும் செற்றியிலும் ஒட்டிக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். பூனையைக் கொண்டு விட்டாலும் படை போகாததற்குக் காரணம் இதுதான். பூனை போய்விட்டது, வித்திகள் வீட்டில்தான் இருக்கின்றன.

செய்ய வேண்டியது இது. குட்டியை ஒரு சின்ன அறையில் தனியாக வைத்து, மிருக வைத்தியரிடம் காட்டி மருந்து எடுங்கள். முடி முளைக்கத் தொடங்கியதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இது பல வாரங்கள் எடுக்கும் சிகிச்சை. உதிர்ந்த முடியைத் தினமும் கூட்டி எடுத்து, பாய் தலகணி உறைகளைக் கழுவி வெயிலில் போடுங்கள். பிள்ளைக்கு ஏற்கனவே படை வந்திருந்தால், பாமசியில் "அரிப்புக்கு ஒரு கிறீம்" என்று கேட்டு வாங்கிப் பூச வேண்டாம். அப்படி வாங்குகிற பல கிறீம்களில் ஸ்டெரொயிட் இருக்கும். பூசிய நாலு நாளில் சிவப்பும் அரிப்பும் குறையும், ஆனால் பங்கசு உள்ளுக்குள் நன்றாகப் பரவும். தலையில் வந்த படைக்கு வெறும் கிறீம் போதாது, வைத்தியர் கொடுக்கும் குடிக்கிற மருந்து வேண்டும். பிள்ளையையும் பூனையையும் ஒரே காலத்தில் சுகப்படுத்தினால்தான் இது முடியும்.

இரண்டாவது, சொறி. பூனையின் காது ஓரத்தில் தொடங்கி, நெற்றி, முகம் என்று தடித்த பொருக்கு படர்ந்து, மிருகம் இரவு பகலாகச் சொறிந்துகொண்டே இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் வேலை. நாய்களில் இதே இனச் சொறி காது ஓரம், முழங்கை, வயிறு என்று வரும். இவை ஒரு மிருகத்திலிருந்து இன்னொன்றுக்கு வேகமாகத் தொற்றும். தூக்கி வைத்திருக்கும் பிள்ளைகளின் கையிலும் வயிற்றிலும் அரிக்கும் சின்னச் சின்னப் பருக்கள் வரலாம். மிருகத்துக்கு மருந்து கொடுத்தால் அது அடங்கிவிடும். நாய்க்குட்டிகளுக்கு வரும் இன்னொரு வகைச் சொறி உண்டு. கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முடி கொட்டும், அரிப்பு பெரிதாக இருக்காது. அது தாயிடமிருந்து குட்டிக்கு வருவது, மனிதருக்குத் தொற்றாது. தெருவில் அப்படி ஒரு குட்டியைக் கண்டவுடன் கல்லெறிந்து விரட்டத் தேவையில்லை.

சொறிக்கு நம்மூர் வைத்தியம் என்ன? கழிவு ஒயில், மண்ணெண்ணெய், டெட்டோல். மோட்டார் சைக்கிளில் இருந்து கழற்றிய கறுப்பு ஒயிலை நாயின் உடம்பு முழுக்கப் பூசிவிட்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பூனையும் நாயும் உடம்பை நக்கித் துப்புரவு செய்யும் பிராணிகள். அதிலும் பூனைக்கு விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதி அதுதான் வேலை. தோலில் நாம் எதைப் பூசுகிறோமோ அதுதான் கொஞ்ச நேரத்தில் அதன் வயிற்றுக்குள். தோலும் எரியும், ஈரலும் பழுதாகும். இன்று இந்தச் சொறிகளுக்கு ஊசியும் கழுத்தில் விடும் சொட்டு மருந்தும் மாத்திரையும் இருக்கின்றன. நிறை பார்த்து அளவாகக் கொடுக்க வேண்டியவை அவை. அதனால்தான் வைத்தியரிடம் போகச் சொல்கிறேன்.

காதையும் பாருங்கள். பூனை அடிக்கடி தலையை உதறி, காதுக்குப் பின்னால் சொறிந்து, காதுக்குள்ளே கோப்பித் தூள் மாதிரிக் கறுப்பாக இருந்தால் அது காதுச் சிற்றுண்ணி. குட்டிகளுக்கு மிகச் சாதாரணம். பஞ்சுக் குச்சியை ஆழமாக விட்டுத் துப்புரவு செய்யப் போகாதீர்கள். எண்ணெயைக் காய்ச்சி ஊற்றவும் வேண்டாம். கவனிக்காமல் விட்டால் உதறி உதறியே காது மடலுக்குள் இரத்தம் கட்டி வீங்கிவிடும்.

மூன்றாவது, தெள்ளு. "டீச்சர், பூனையக் குளிப்பாட்டினா மூணு நாளைக்கு நல்லா இருக்கு, பிறகு திரும்ப வந்திடுது" என்று கேட்காத ஆள் இல்லை. காரணம் சுலபம். ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 40, 50 முட்டை இடும். அந்த முட்டைகள் பூனையின் முடியில் நிற்காது, பூனை படுக்கும் இடமெல்லாம் உப்புத் தூளைப் போல உதிரும். பூனையில் நாம் காணும் தெள்ளுகள் மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. மிச்சமெல்லாம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகப் பாயின் அடியிலும் செற்றி இடுக்கிலும் இருக்கின்றன. ஆகவே பூனையை மட்டும் கழுவினால் போதாது. அது படுக்கும் துணியை வாரம் ஒருமுறை சுடுநீரில் கழுவி, படுக்கும் மூலையையும் செற்றி இடுக்கையும் கூட்டி, கூட்டியதை வீட்டுக்கு வெளியே அகற்ற வேண்டும். வீட்டில் மூன்று பூனை என்றால் மூன்றுக்கும் ஒரே நாளில் மருந்து.

தெள்ளு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. பிள்ளைகளோடு சேர்ந்து செய்யலாம். நனைத்த வெள்ளைக் கடதாசியின் மேல் பூனையின் முதுகைச் சீப்பால் வாருங்கள். விழும் கறுப்புத் துணிக்கைகள் நீரில் கரைந்து சிவப்பாக ஊறினால் அது மண் அல்ல, தெள்ளின் எச்சம், பூனையின் இரத்தம். வாலுக்கு மேலே முதுகில் முடி கொட்டிப் புண்ணாகியிருந்தால் அது பெரும்பாலும் தெள்ளுக்கடி ஒவ்வாமை. சின்னக் குட்டிக்குத் தெள்ளு கூடினால் இரத்தம் வற்றியே செத்துப்போகும். முரசு வெளிறிய குட்டியை அன்றைக்கே கொண்டு போங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாய்க்கென்று விற்கும் தெள்ளு மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள். நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் கடுமையான அளவில் இருக்கும். பூனையின் ஈரலால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. உடம்பு நடுங்கி, வலிப்பு வந்து இறந்துவிடும். "நாயும் பூனையும் ஒண்டுதானே, பாதி விட்டாப் போதும்" என்பது சரியல்ல. பாதியும் நஞ்சுதான்.

நாலாவது, புழு. இதில்தான் நம் கரையோர வீடுகள் கூடக் கவனிக்க வேண்டும். நமக்கு வளவு என்றால் மணல். பெருநாளைக்கு முன்னால் வெள்ளை மணல் பறித்துப் பரப்புவது நமக்கு ஒரு அழகு. பூனைக்கும் அதுதான் பிடித்த மலசலகூடம். தோண்டி, இருந்து, மூடிவிட்டுப் போகும். மூடியதால் சுத்தம் என்று நினைக்கிறோம். அந்த மலத்தில் புழு முட்டை இருந்தால், ஈரமும் நிழலும் உள்ள மணலில் அது வளர்ந்து தொற்றக்கூடிய நிலைக்கு வரும். கொக்கிப்புழுவின் சின்னப் புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும். பிள்ளையின் பாதத்தில் அல்லது பின்பக்கத்தில் சிவப்பாக, நெளிநெளியாக, நாளுக்கு நாள் நகரும் கோடு ஒன்றைக் கண்டால் அது இதுதான். வைத்தியரிடம் காட்டினால் மருந்து இருக்கிறது.

நாய் பூனைகளில் இருக்கும் கொக்கிப்புழுக்களில் ஒன்றின் பெயர் அன்சைலோஸ்டோமா சிலானிக்கம். பெயரில் இருப்பது நம் நாடுதான். 1911இல் இலங்கையில் ஒரு புனுகுப்பூனையில் கண்டெடுத்து அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். மற்ற மிருகக் கொக்கிப்புழுக்கள் மனிதத் தோலோடு நின்றுவிட, இது மட்டும் மனிதக் குடல் வரை போய் முழுப் புழுவாக வளர்ந்து இரத்தம் குடிக்கும். வகுப்பில் முகம் வெளிறி, தூங்கி வழியும் ஒரு பிள்ளையைப் பார்த்தால் "சோம்பேறி" என்று சொல்லும் முன் இதையும் நினைக்க வேண்டும்.

வட்டப்புழு இன்னொன்று. தாய்ப்பூனையின் பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பலூன் போல இருக்கும் குட்டி கொழுத்த குட்டி அல்ல, புழுக் குட்டி. அதன் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். மண் பட்ட விரலை வாயில் வைக்கும் பிள்ளைக்கு அது போனால், புழு குடலில் தங்காமல் உடம்புக்குள் அலையும். அரிதாகக் கண்ணுக்குள் போய்ப் பார்வையையும் கெடுத்துவிடும். பூனையின் பின்பக்கத்தில் அரிசி மணி போல அசைவது நாடாப்புழுவின் துண்டு. அது தெள்ளின் மூலம் வருவது. பூனை நக்கும்போது தெள்ளை விழுங்கும், தெள்ளுக்குள் புழு இருக்கும். தெள்ளை ஒழிக்காமல் நாடாப்புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அது திரும்பத் திரும்ப வரும்.

செய்ய வேண்டியது பெரிய செலவான வேலை அல்ல. குட்டிக்கு மூன்று வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பெரிய பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து. பாலூட்டும் தாய்க்கும் சேர்த்து. நமக்குத் தரும் மாத்திரையைக் குத்துமதிப்பாக உடைத்துக் கொடுக்காமல் நிறை பார்த்து வாங்குங்கள். வளவின் ஒரு மூலையில் பழைய பேசினில் மணல் போட்டுப் பூனையைப் பழக்கி, தினமும் அள்ளிப் புதையுங்கள். பிள்ளைகள் விளையாடும் மணலை இரவில் பழைய தறப்பாளால் மூடுங்கள். காலில் செருப்பு, சாப்பிடும் முன் சோப். கை கழுவும் பாடத்தை முதலாம் தரத்திலிருந்து படிப்பிக்கிறோம், அதை வீட்டில் நடைமுறைப்படுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் "பூனைய முதல்ல வெளியே அனுப்பு" என்று மூத்தம்மாமார் சொல்வார்கள். பயம் ஆதாரமில்லாதது அல்ல. டொக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் வெளியேறலாம், கர்ப்பத்தில் முதன்முறையாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். ஆனால் அந்தக் கிருமி மலத்தில் வெளியேறிய உடனே தொற்றாது, குறைந்தது ஒரு நாளாவது எடுக்கும். ஆகவே மலத்தை வேறொருவர் தினமும் அகற்றிவிட்டால் அந்த வழி பெரும்பாலும் அடைபடும். அரைவேக்காட்டு இறைச்சியிலும் கழுவாத கீரையிலும் இதே கிருமி வரும் என்பதை நாம் பேசுவதில்லை. கர்ப்பிணி பூனையைத் தொட்டால் கை கழுவட்டும், மலப் பக்கம் போக வேண்டாம், மண்ணில் வேலை செய்தால் கையுறை போடட்டும். பூனையை வெளியேற்றத் தேவையில்லை. அதேபோல "பூனை மயிர் வயித்துக்குள்ள போனா இழுப்பு வரும்" என்கிறார்கள். ஒவ்வாமை உண்மைதான், ஆனால் காரணம் மயிர் அல்ல, பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஒரு புரதம். இழுப்பு உள்ள பிள்ளையின் படுக்கையறைக்குள் பூனை போகாமல் பார்த்துக்கொண்டு, வைத்தியரின் ஆலோசனையைக் கேளுங்கள்.

இப்போது இந்தப் பதிவின் மிக முக்கியமான பகுதி. பூனைக்குப் பெனடோல் கொடுக்காதீர்கள்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பூனைக்குக் காய்ச்சல் என்று அன்போடு அரை மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் முகம் வீங்கி, முரசு கபில நிறமாகி, மூச்சு வாங்கி வாங்கி ளுஹருக்கு முன் இறந்துவிட்டது. வீட்டுக்காரர் இன்றும் அதற்கு ஆரோ நஞ்சு வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறார். பரசிற்றமோலை நம் ஈரல் உடைத்து வெளியேற்றும். பூனையின் ஈரலில் அதற்கான நொதியம் போதியளவு இல்லை. அதனால் அது இரத்தத்தைக் கெடுத்து ஒட்சிசன் காவ முடியாமல் ஆக்கிவிடும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். பிள்ளைகளுக்கான சிரப்பும் அப்படித்தான். தெரியாமல் யாராவது கொடுத்திருந்தால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்காமல் வைத்தியரிடம் போய், என்ன கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். நேரத்தோடு போனால் மாற்று மருந்து இருக்கிறது.

அடுத்தது "கெட்ட பழக்கம்". செற்றியில் மூத்திரம் பெய்கிறது, கீறுகிறது, கடிக்கிறது, இரவில் கத்துகிறது. சாக்குக்குப் போகும் பூனைகளில் நிறைய இந்தக் குற்றச்சாட்டில்தான் போகின்றன.

ஒழுங்காக மணலில் இருந்த பூனை திடீரென்று வீட்டுக்குள் மூத்திரம் பெய்தால் முதலில் நோயைத் தேடுங்கள். மூத்திரப் பையில் அழற்சி இருந்தால் மணல்தான் வலிக்கிறது என்று அது வேறு இடம் தேடும். கடுவன் பூனை அடிக்கடி குந்தி முக்கி, கத்தி, ஒரு சொட்டும் வராமல், பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தால் அது அவசரம். நம்மவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்து ஆமணக்கெண்ணெய் பருக்குவார்கள். மூத்திரக் குழாய் அடைபட்ட கடுவன் ஓரிரு நாளில் இறந்துவிடும். அந்த நேரத்தில் வெள்ளிக்கிழமை, விடுமுறை என்று பார்க்காமல் ஏதாவது ஒரு மிருக வைத்தியரைத் தேடிப் பிடியுங்கள்.

நின்றபடி வாலை உயர்த்திச் சுவரில் பீச்சி அடிப்பது வேறு. அது வளர்ந்த கடுவன் தன் எல்லையை அடையாளமிடுவது. அடித்தால் நிற்காது. அடித்தால் இன்னும் பயந்து இன்னும் அடிக்கும். கீறுவதும் கெட்ட குணம் அல்ல. நகத்தின் பழைய உறையைக் கழற்றவும் உடம்பை நீட்டவும் பூனை கீறியே ஆக வேண்டும். செற்றிக்குப் பக்கத்தில் ஒரு கட்டையில் கயிற்றை இறுக்கிச் சுற்றி, ஆடாமல் நட்டு வைத்தால் பெரும்பாலும் அங்கே போய்விடும். நம்மூரில் தென்னங்கயிற்றுக்கா பஞ்சம்? விளையாட்டுக்குக் கையைக் கொடுத்துப் பழக்கிய குட்டிதான் வளர்ந்த பிறகு கையைக் கடிக்கும். எட்டு வாரமாவது ஆகாமல் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். எவ்வளவு கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத் தாயும் உடன்பிறந்த குட்டிகளும்தான் அதற்குப் படிப்பிக்கின்றன.

நாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மில் நாயை வீட்டுக்குள் வைத்திருப்பவர்கள் இல்லை. ஆனால் தோட்டத்துக்கும் மில்லுக்கும் மாட்டுப் பட்டிக்கும் காவலுக்கு வைத்திருக்கிறோம். இரவு பகலாக ஒரு யார் சங்கிலியில் வெயிலில் கட்டி வைத்த நாய் யாரைக் கண்டாலும் குரைக்கும், எட்டினால் கடிக்கும். அது வீரம் இல்லை, பயமும் விசரும். நீளமான சங்கிலி, நிழல், நாள் முழுக்கத் தண்ணீர், வேலிக்குள் சில மணி நேரம் அவிழ்த்து விடுவது, இவை போதும் அதன் குணம் மாற. நஜீஸைச் சுத்தம் செய்யும் சட்டம் நமக்குத் தெரியும். அந்தச் சட்டம் ஒரு உயிரைத் தாகத்தில் கட்டி வைப்பதற்கான அனுமதி அல்ல. கிணற்றில் இறங்கிக் காலணியில் தண்ணீர் அள்ளி நாய்க்குக் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸை நம் பிள்ளைகள் அஹதிய்யாவிலேயே படிக்கிறார்கள்.

கட்டி வைத்த நாயின் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி பாருங்கள். கொறடு போன்ற சின்ன இடுக்கியால் தோலுக்கு நெருக்கமாகப் பிடித்து நேராக இழுங்கள். நெருப்பு வைக்க வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம். நாய் சாப்பிடாமல் சுருண்டு, முரசு வெளிறி, மூக்கால் இரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்.

கடி என்று வந்தால், நாயோ பூனையோ, எதுவானாலும் ஒரே விதி. சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவி, நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வைக்காதீர்கள். நீர்வெறுப்பு நோய்க்கு அறிகுறி தோன்றிய பிறகு மருந்தே இல்லை. முன்னதாகப் போட்டால் ஊசி காப்பாற்றும், அரச வைத்தியசாலைகளில் அது இலவசம். "பூனை கீறினதுதானே" என்று விடாதீர்கள், பூனைக்கும் அந்த நோய் வரும். சாதுவாக இருந்த மிருகம் காரணமில்லாமல் பாய்ந்து கடித்தாலோ, எச்சில் வடிய ஒளிந்து கிடந்தாலோ தொடாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். உங்கள் நாய்க்கும் பூனைக்கும் வருடாந்தத் தடுப்பூசியைப் போட்டு அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

கடைசியாகச் சாக்கு. பெண் பூனை ஐந்து ஆறு மாதத்திலேயே சினைப்படும். ஒன்பது வாரத்தில் குட்டி போடும். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினைப்படலாம். ஒரு வீட்டுக்கு இது தாங்காது, உண்மை. ஆனால் மீன் சந்தையில் விடும் குட்டி அங்கே பிழைத்துக்கொள்ளும் என்பது நாம் நம் மனதுக்குச் சொல்லும் ஆறுதல். அங்கே ஏற்கனவே இருக்கும் கடுவன்கள் அதை விரட்டும், லொறிச் சில்லுக்குள் போகும், மிச்சமானவை சொறியும் புழுவும் பரப்பிக்கொண்டு அடுத்த தெருவுக்கு வரும். நாம் வெளியே விட்ட நோய் வேறொருவரின் வளவு மணலுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யலாமா என்று கேட்கிறார்கள். உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தீங்கைத் தடுக்கும் தேவைக்காக அனுமதித்தவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு நம்பிக்கையான ஆலிமிடம் கேட்டு முடிவெடுங்கள். ஆனால் ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் முடிவு என்ன என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வாய் கட்டிய சாக்கை நினைக்கும்போது எனக்கு அந்த ஹதீஸ்தான் நினைவுக்கு வருகிறது. சத்திரசிகிச்சை செய்த கடுவன் பீச்சுவதும் சண்டை பிடிப்பதும் பெரும்பாலும் குறைந்துவிடும். நீங்கள் "கெட்ட பழக்கம்" என்று சொன்னதில் பாதி அதோடு போய்விடும்.

இந்தக் கிழமையில் மூன்று வேலை செய்யுங்கள். பூனையின் காதையும் முதுகையும் பின்பக்கத்தையும் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்த திகதியைக் கலண்டரில் எழுதுங்கள், நினைவில்லை என்றால் இந்தக் கிழமையே கொடுங்கள். உங்கள் பிரதேசத்தின் கால்நடை வைத்திய அலுவலக இலக்கத்தைத் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். அது மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டுமான இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு போனால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

பூனைக்குத் தண்ணீர் வைக்கும் பொறுப்பை வீட்டில் சின்னப் பிள்ளையிடம் கொடுங்கள். கை கழுவும் பொறுப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

இந்த முழுப் பதிவையும் பகிர நேரமில்லை என்றால் பெனடோல் பற்றிய பகுதியை மட்டுமாவது உங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்.